ஒரு லேசான சொல்

கடிதத்தில் மொத்தம் நாற்பத்தோரு சொற்கள். அவற்றில் நாற்பது எழிலுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றில்தான் அவளுடைய வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணிப் பார்ப்பதால் எதுவும் ஆகப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் எண்ணாமல் அவளால் அடுத்த அடி வைக்க முடியாது. எண்ணி முடித்தபின், சரியாகத்தான் எண்ணினோமா என்று சந்தேகம் வரும். இன்னொரு முறை எண்ணுவாள். இந்தக் கடிதத்தை மூன்று முறை எண்ணியிருந்தாள். எதிரே அலுவலக மேஜைக்குப் பின்னால் ரமா மேடம் பொறுமையாகக் காத்திருந்தார். ஆள் எடுப்பது, விடுப்பு, வருகைப் பதிவு, கடிதம் எல்லாம் அந்தக் கம்பெனியில் ரமா மேடம்தான்.

"என்ன எழில், ஒரு பாரா மன்னிப்புக் கடிதத்துக்கு இவ்ளோ நேரமா?"

"இந்த ஒரு வேர்டுதான் மேடம். ஷெனா... ஷெனானிகன்ஸ்."

"அதுவா? சும்மா விளையாட்டுத்தனம்னு அர்த்தம். எம்.டி. திருட்டுன்னு எழுதச் சொன்னார் தெரியுமா? கம்பெனி பித்தளையை எடுத்து டோக்கன் செஞ்சிருக்க இல்ல? நான்தான் பேசிப் பேசி அதை மாத்த வெச்சேன். ரொம்ப லைட்டான வேர்டு. ஏதோ சின்னப் பொண்ணு, விளையாட்டா செஞ்சுட்டா, மன்னிப்பு கேட்டுட்டா, முடிஞ்சுது. கையெழுத்துப் போட்டுட்டுப் போய் வேலையப் பாரு. ஒண்ணாம் தேதி உனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் ரெடி."

ரமா மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. குரலிலும் மிரட்டல் இல்லை. அதுதான் எழிலுக்குச் சங்கடமாக இருந்தது. மிரட்டியிருந்தால் சட்டென்று ஏதாவது செய்திருப்பாள்.

"அர்த்தம் பாத்துட்டுப் போடட்டுமா மேடம்?"

ரமா மேடம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "சனிக்கிழமை காலையில பத்து மணிக்குள்ள குடு. அதுக்கு மேல என்னால எதுவும் பண்ண முடியாது."

அன்றைக்கு வியாழன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பித்தளை நட்டு, நாசில், குழாய்க்கான இணைப்புகள் செய்கிற நடுத்தரமான கம்பெனி அது. இருபத்து மூன்று பெண்கள் வேலை செய்யும் ஷெட்டின் பின்னால் பெண்களுக்கென்று நான்கு கழிப்பறைகள். டோக்கன்கள் இரண்டு. சூப்பர்வைசர் சுந்தர்சிங்கின் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் ஒன்று, இரண்டு என்று எண் குத்திய இரண்டு பித்தளை வில்லைகள். வில்லையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், வந்ததும் மாட்ட வேண்டும். வில்லை இல்லாமல் நடமாடினால் அரை நாள் சம்பளம் பிடித்தம். கழிப்பறைக்குப் போய் போன் பார்க்கிறார்கள் என்று போன தீபாவளிக்குப் பிறகு எம்.டி. கொண்டுவந்த ஏற்பாடு.

எழில் அங்கே சேர்ந்து பதினோரு மாதம். டிப்ளமோ முடித்துவிட்டு லேத்தில் ட்ரெய்னி. சேர்ந்த புதிதில் டோக்கன் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டிரில்லிங் மெஷினில் இருக்கும் காந்திமதியக்கா ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சிறுநீர்ப் பாதையில் தொற்று, காய்ச்சல். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நான்கு நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய அக்கா செய்த முதல் காரியம், தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது.

"குடிச்சா போவணும். போவணும்னா டோக்கன் வோணும். எதுக்குப் பேஜாரு?" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து எழில் குறித்து வைக்கத் தொடங்கினாள். யார் எத்தனை மணிக்கு ஆணியைப் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு வில்லை கிடைத்தது. இரண்டு வாரம். தன் லேத்துக்கு நேர் எதிரே ஆணி இருந்ததால் எல்லாம் தெரியும். அதிகபட்சக் காத்திருப்பு ஐம்பத்திரண்டு நிமிடம். அது காந்திமதியக்காதான். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் இரண்டு கழிப்பறைகள் யாருமில்லாமல் காலியாகக் கிடந்தன என்பதையும் எழுதிவிட்டு, சரிதானா என்று மறுநாளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு மதியம், எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், கழிவுப் பெட்டியிலிருந்து பித்தளை ராடின் நுனித் துண்டு ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டினாள். கடைந்து, துளை போட்டு, அறுத்து, எண் குத்தினாள். ஒரு 'ஒன்று', ஒரு 'இரண்டு'. கழிப்பறை நான்கு, ஆகவே டோக்கனும் நான்கு.

பதினோரு நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆணியில் அசல் வில்லைகள் இல்லாதபோது மட்டும் டிரில்லிங் மெஷின் தட்டுக்கு அடியிலிருந்து மற்ற இரண்டும் புறப்படும். பின்வாசல் வழியாகப் போன 'ஒன்று' பக்கவாசல் வழியாகத் திரும்பி வருவதை சுந்தர்சிங் ஒரு தரம் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, பக்கவாசல் வரை நடந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு வரிசை முழுக்க மெஷின் சத்தத்துக்குள் சிரிப்பை ஒளித்தது. எழிலும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள், 'ஒன்று' ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தபோதே காந்திமதியக்கா இன்னொரு 'ஒன்றை'க் கையில் வைத்துக்கொண்டு சுந்தர்சிங்கின் எதிரே வந்துவிட்டார்.

சுந்தர்சிங் கத்தவில்லை. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அசல் வில்லை தகட்டில் ரம்பத்தால் வெட்டியது. விளிம்பு கோணல், துளை ஓரமாக, கவனிக்காமல் எடுத்தால் விரலைக் கீறும். மற்றதை அவர் விரலால் தடவிப் பார்த்தார். வட்டம் கச்சிதமான வட்டமாக இருந்தது. துளை நட்டநடுவில். இரண்டு பக்கமும் பிசிறு எடுத்து, விளிம்பை மழுக்கியிருந்தது.

நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எழில், இங்க வா" என்றார்.

அந்த ஷெட்டில் சொல்லாமலே பிசிறு எடுக்கிற ஆள் அவள் ஒருத்திதான். கள்ள டோக்கனை அசல் மாதிரி கோணலாகச் செய்யவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் இல்லை. தோன்றியது, கை வரவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார் சுந்தர்சிங். "அதான் மாட்டிக்கின."

மாலை ஏழு மணிக்கு குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு போன் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நடத்துகிற ஜாஸ்மினுக்கு எழிலின் வயதுதான், பகலில் எம்.ஏ. படிக்கிறாள். வகுப்பில் பதினான்கு பேர். தினம் ஒவ்வொருவரும் அன்று எதிர்ப்பட்ட புதுச் சொல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், எங்கே பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் பெரும்பாலும் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்தும் பஸ் விளம்பரத்திலிருந்தும் கொண்டுவருவார்கள். எழில் மட்டும் நாலு பத்தி போட்ட நோட்டு வைத்திருந்தாள்: சொல், பொருள், எங்கிருந்து வந்தது, சந்தேகம். கடைசிப் பத்திதான் எப்போதும் நிரம்பி வழியும்.

அவள் சொல்லைச் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஆல்வின் கை தட்டினான். ஆல்வின் பல்லாவரத்தில் ஒரு கூரியர் கவுன்டரில் வேலை செய்பவன்; வாய் சும்மா இருக்காது.

"இன்னா எழில், நேத்து வரைக்கும் மெஷின் வேர்டா 'டாலரன்ஸ்', 'த்ரெட்'னு கொண்டாந்துகினு இருந்த. இன்னிக்கு டைரக்டா ஹாலிவுட்டா?"

"கம்பெனி லெட்டர்ல வந்துது."

"கம்பெனி லெட்டர்லயா?" ஜாஸ்மின் புருவத்தை உயர்த்தினாள். போனில் அகராதியைத் திறந்து படித்தாள். குறும்பு, சேட்டை, தந்திர விளையாட்டு. அடுத்த வரியில், கொஞ்சம் தில்லுமுல்லு என்றும் இருந்தது.

"அலும்பு!" என்றான் ஆல்வின். "'ரொம்ப அலும்பு பண்ணாத'ன்னு எங்கம்மா சொல்லும்ல, அதான். கரெக்டா மிஸ்?"

"ஏறக்குறைய கரெக்ட்."

"எங்கேயிருந்து வந்துது?" என்று கேட்டாள் எழில்.

ஜாஸ்மின் திரையை மேலே தள்ளினாள். நூற்று எழுபது வருடத்துக்கு முன்னால் கலிஃபோர்னியாவில், தங்கம் தோண்டப் போன கூட்டம் நிறைந்திருந்த காலத்தில், அங்கத்திய செய்தித்தாள்களில் முதலில் தென்படுகிறதாம். அதற்கு முன்னால் எங்கிருந்தது என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஐரிஷ் மொழியில் நரித்தனம் செய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர். ஸ்பானிஷில் ஏமாற்று வேலைக்கான ஒரு சொல்லிலிருந்து என்று சிலர். ஜெர்மனியில் ஊர் ஊராகத் திரிகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஒரு ரகசியப் பேச்சில், 'வேலை செய்' என்பதற்கு இதைப் போல ஒரு சொல் உண்டாம். அதிலிருந்து என்று இன்னும் சிலர்.

"ஆதார் கார்டு இல்லாத வார்த்தை" என்றான் ஆல்வின்.

வகுப்பு சிரித்தது. எழில் நோட்டில் மூன்று ஊகங்களையும் எழுதினாள். 'வேலை' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அதுவே உண்மையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதாலேயே சந்தேகப் பத்தியில், 'நிரூபணம் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக எடுத்துக்கொள்ளக் கூடாது' என்று எழுதினாள்.

"அந்த லெட்டரைக் காட்டேன்" என்றாள் ஜாஸ்மின்.

காட்டினாள். நடந்ததையும் சொன்னாள். டோக்கன் என்றதும் முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஜாஸ்மின் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"இந்தம்மா உன்னைக் காப்பாத்தத்தான் பாத்திருக்காங்க, எழில். உண்மையிலயே மெல்லிய வார்த்தை. வீட்ல பசங்க பண்றதைச் சொல்ற மாதிரி. கையெழுத்துப் போட்டா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்றாள் எழில்.

என்ன யோசனை என்று அவளால் அப்போது சொல்ல முடியவில்லை. நாகல்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் பிடிபடவில்லை. ஒண்ணாம் தேதி மகள் பர்மனென்ட் ஆகப்போகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வழியில் இரண்டு பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள். அவள் விளையாட்டாகத்தான் செய்தாளா? சிரித்தது உண்மை. சுந்தர்சிங் பக்கவாசலில் எட்டிப் பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தது உண்மை. அப்படியென்றால் கடிதத்தில் இருப்பது முழுப் பொய்யும் இல்லையே. முழுப் பொய் இல்லாத ஒன்றில் கையெழுத்துப் போட என்ன தடை? தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறோமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அதையும் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை.

அசல் வில்லைகள் இரண்டும் இப்போது சுந்தர்சிங்கின் சட்டைப்பையில் இருந்தன. போக வேண்டுமென்றால் அவரிடம் போய் நின்று கேட்க வேண்டும். எம்.டி. உத்தரவு. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி டீ நேரத்துக்கு முன்னால் இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். கேட்கப்படுகிற சுந்தர்சிங்குக்கும் அது பிடிக்கவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் காந்திமதியக்கா எழிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு கண்ணு. என்னால உனக்கு இன்னாத்துக்குக் கஷ்டம்? உன் வேல போச்சுன்னா உங்க வூட்ல இன்னா பண்ணுவாங்க?"

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க?"

"நானா? நான் இன்னா, பழகிப்போச்சு. தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்." அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்தார். "பதினோரு நாளு நல்லா ஓடிச்சு. சினிமா பாத்த மாரி. அது போதும் போ. அந்தாளு வாசல்ல போயி எட்டிப் பாத்தாரு பாரு..." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, இடது கையை இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எழில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து பிடிபடாமல் இருந்தது அப்போது பிடிபட்டது. சேட்டை என்று கையெழுத்துப் போட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஜாஸ்மின் சொன்னது முழுக்கச் சரி. யாரும் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சின்னப் பெண் விளையாடினாள், மன்னிப்புக் கேட்டாள். எதற்காக விளையாடினாள் என்று அதற்குமேல் யாரும் கேட்கவேண்டியதில்லை. வில்லைகள் சட்டைப்பையிலேயே இருக்கும்.

அன்று மாலை வகுப்பில் அவள் பாடத்தைக் கவனிக்கவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். வகுப்பு முடிந்ததும் ஜாஸ்மினிடம் நீட்டினாள். தமிழில் சொன்னால் அது இவ்வளவுதான்:

'கழிவுப் பெட்டியில் கிடந்த துண்டிலிருந்து, என் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு டோக்கன்கள் செய்தேன். அனுமதி கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும். ஆனால் இதை ஷெனானிகன்ஸ் என்று ஒப்புக்கொள்ள முடியாது. இருபத்து மூன்று பெண்களுக்கு நான்கு கழிப்பறைகள் இருக்கின்றன, டோக்கன்கள் இரண்டுதான். ஆகவே நான் இரண்டு செய்தேன். சேட்டைக்குச் செய்திருந்தால் இருபது செய்திருப்பேன். இரண்டு வாரக் காத்திருப்பு நேரங்களை இணைத்திருக்கிறேன். டோக்கன் முறையை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

ஜாஸ்மின் பேனாவை எடுத்து, ஓரிடத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"இதுல ஒரு சாரிகூட இல்லையே எழில்? 'தாழ்மையுடன்'னு ஆரம்பிக்கலாமே. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"தாழ்மையா எழுதினா நான் தப்பு பண்ணின மாதிரி இருக்கும்."

"வேலை போயிடும்னு பயமா இல்லையா?"

"இருக்கு."

ஆல்வின் பையை மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றிருந்தான். வழக்கம்போல் கிண்டல் செய்வான் என்று எழில் எதிர்பார்த்தாள். அவன் தாளை வாங்கிப் படித்தான்.

"ரெண்டு காப்பி எடு" என்றான். "ஒண்ணு குடுத்துட்டு, இன்னொண்ணுல ரிசீவ்டுன்னு சீல் வாங்கிடு. எங்க கவுன்டர்ல தெனம் பாக்கறேன், சீல் இல்லாத லெட்டரு வெறும் பேப்பரு. குடுக்கவே இல்லைன்னுடுவாங்க. சீல் போடலன்னா எடத்த விட்டு நவுராத."

"திட்டுவாங்களே?"

"திட்டட்டும். திட்டுக்கு சீல் வோணாமே."

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எழில் அலுவலகத்துக்குள் போனாள். ரமா மேடம் அவளைப் பார்த்ததும் சிரித்து, கையெழுத்துக்குப் பேனாவை எடுத்து நீட்டினார். எழில் இரண்டு பிரதிகளையும் மேஜைமேல் வைத்தாள்.

படிக்கப் படிக்க ரமா மேடத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. இணைத்திருந்த நேரப் பட்டியலைப் புரட்டினார். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது இது?"

"நான்தான் மேடம். ரெண்டு மூணு எடத்துல கிராமர் தப்பு இருக்கும்."

"கிராமரா இப்ப பிரச்சனை? எழில், நான் உனக்கு எவ்ளோ பேசியிருக்கேன் தெரியுமா? எம்.டி. வாயில வந்தது திருட்டு. நான் போராடி..."

"தெரியும் மேடம். நல்லது பண்ணணும்னுதான் அந்த வார்த்தையைத் தேடிப் போட்டிருக்கீங்க. ஆனா திருட்டுன்னே போட்டுடுங்க."

ரமா மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் எழில் நிறுத்தவில்லை. "திருட்டுன்னா விசாரணை வைக்கணும்ல மேடம்? எதுக்குத் திருடினேன்னு கேக்கணும். நான் சொல்லணும், நீங்க எழுதணும். அந்த டைம் எல்லாம் யாராவது ஒருத்தர் படிச்சே ஆகணும். வெளையாட்டுன்னு போட்டா யாரும் ஒண்ணும் கேக்க வேணாமே. நான் திருடலைன்னு சொல்றது எனக்கு ஈஸி மேடம். வெளையாடலைன்னு சொல்றதுக்குத்தான் எடமே இல்ல."

"நீ ட்ரெய்னிம்மா. விசாரணையெல்லாம் இல்லாமயே வராதேன்னு சொல்லிடலாம்."

"சொல்லட்டும். ஆனா இந்தக் காப்பில சீல் போட்டுக் குடுங்க."

"சீல் எல்லாம் போட முடியாது. எம்.டி.யைக் கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க. நான் நிக்கறேன்."

ரமா மேடம் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு மூடியது. எழில் நின்றாள். சுவர்க்கடிகாரத்தில் நிமிடம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். உள்ளே எம்.டி.யின் குரல் உயர்ந்தது. 'திமிரு' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதற்கு அகராதி தேவைப்படவில்லை. கால் வலித்தது. உட்கார நாற்காலி இருந்தது. உட்கார்ந்தால் காத்திருப்பது போல இருக்கும் என்று நின்றாள். நிற்பதும் காத்திருப்பதுதானே என்று தோன்றியபோது சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

இருபத்தேழு நிமிடம் கழித்து ரமா மேடம் வெளியே வந்தார்.

"கன்ஃபர்மேஷன் மூணு மாசம் தள்ளி வெச்சாச்சு" என்றார். "இப்ப சந்தோஷமா?"

எழிலுக்கு அம்மாவின் முகமும் தெருவும் ஒரு கணம் கண்முன் வந்துபோயின. "டோக்கன் மேடம்?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"இருக்கணும்னு சொன்னாரா, வேணாம்னு சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலைன்னேனே. அந்தப் பட்டியலைப் படிச்சார். படிச்சுட்டு மூடி வெச்சார். அவ்ளோதான்." ரமா மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐம்பத்திரண்டு நிமிஷம்னு போட்டிருக்கியே. நிஜமா?"

"ரெண்டு தரம் சரிபார்த்தேன் மேடம்."

ரமா மேடம் இழுப்பறையைத் திறந்தார். சீலை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றி, இரண்டாவது பிரதியின் மேல்மூலையில் வைத்து அழுத்தினார். தேதி எழுதினார். கையெழுத்துப் போட்டார். நேரத்தையும் எழுதச் சொல்லிக் கேட்கலாமா என்று எழில் யோசிப்பதற்குள் அவரே பத்து ஐந்து என்று எழுதினார்.

ஷெட்டில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒருவரும் வேலையைப் பார்க்கவில்லை. எழில் உள்ளே நுழைந்ததும் சுந்தர்சிங் எழுந்துவந்தார்.

"இன்னாச்சும்மா?"

அவள் தாளைக் கொடுத்தாள். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். மேஜையருகே வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"டோக்கனை எடுத்துட்டாங்களா?" என்று டிரில்லிங் மெஷினிலிருந்து காந்திமதியக்கா கத்திக் கேட்டார்.

"எடுக்கலக்கா. வெச்சுக்கணும்னும் சொல்லல. லெட்டருக்கு சீல் மட்டும் போட்டுக் குடுத்தாங்க."

"உன் வேல?"

"மூணு மாசம் தள்ளிட்டாங்க."

காந்திமதியக்கா மெஷினை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். துடைப்பதை நிதானமாகச் செய்தார், விரல் விரலாக. பிறகு எழுந்து, சுந்தர்சிங்கின் மேஜையைத் தாண்டி, வெறும் கையை வீசிக்கொண்டு பின்வாசலை நோக்கி நடந்தார்.

"காந்திமதி!" சுந்தர்சிங்கின் கை சட்டைப்பைக்குப் போனது. "டோக்கன் வாங்கிக்கினு போ."

அக்கா வாசலில் நின்று திரும்பினார். "அதான் லெட்டர்ல கீதே சார். சீலு போட்டுக் கீது. நீங்க நல்லா எழுத்துக்கூட்டிப் படிச்சுகினு இருங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் எழுந்தாள். ஒரு நொடி எழிலைப் பார்த்தாள், பிறகு சுந்தர்சிங்கைப் பார்த்தாள். அவரிடம் கேட்கவில்லை. அக்காவின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சுந்தர்சிங் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை. அலுவலகப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. தாளை மறுபடி முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"இந்த வார்த்தை இன்னாம்மா, புதுசா கீது?" என்றார் எழிலிடம்.

"அது ஒண்ணுமில்ல சார். நான் ஒத்துக்காத வார்த்தை" என்று சொல்லிவிட்டு எழில் லேத்தைப் போட்டாள்.